மூவாயிரம் உறை, ஒரே விதை

இருநூறு மாதிரிகளுக்கும் ஒரே விடை வந்தபோது பொற்கொடி முதலில் மிக்கேல்மேல்தான் கோபப்பட்டாள்.

"என்னண்ணே இது? ஒரே குழாயில இருந்து இருநூறு தடவை எடுத்து ஊத்தினீங்களா?"

மிக்கேல் பொற்கொடியின் பொறுப்பிலிருந்த ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக வேலை செய்பவர். ஒரு சீட்டைக்கூட மாற்றி ஒட்டியதில்லை. அவர் கையுறையைக் கழற்றி மேசைமேல் போட்டார். குழாய்கள் அடுக்கிய தட்டைத் தூக்கி அவள் முன்னால் வைத்தார். ஒவ்வொரு குழாயிலும் அவருடைய பொடிக் கையெழுத்தில் ஓர் ஊர்ப் பெயர் இருந்தது.

"மூணு தடவை ஓட்டிட்டேன் மேடம். முதல் தடவை நானும் என் கைத்தப்புன்னுதான் நெனச்சேன். ரெண்டாவது தடவை மிஷினைச் சந்தேகப்பட்டேன். மூணாவது தடவையும் இதேதான் வந்துச்சு."

ரேஷன் கடைகளில் அரிசி நின்று அப்போது ஏழு வருடமாகியிருந்தது. டெல்டாவுக்குள் உப்புநீர் ஏறிய பிறகு நெல் என்பது கல்யாண வீட்டுப் பண்டமாகிவிட்டது. கம்புதான் சோறு, கம்புதான் கஞ்சி, கம்புதான் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சாப்பாடு. கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டின் நடுவில் இருந்த அந்த விதைக் காப்பு மையத்துக்கு ஒரே வேலைதான். கம்பு எத்தனை விதமாக இருக்கிறது என்று பார்ப்பது, அத்தனை விதத்தையும் அழியாமல் வைத்திருப்பது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஊர் ஊராகப் போய் விதை வாங்கி வந்து, முளைக்க வைத்து, மரபணுவை ஒப்பிடுவார்கள். போன முறை இருநூறு ஊர் விதையில் நூற்றெழுபது விதம் இருந்தது.

இந்த முறை ஒன்று.

"நெருங்கின சொந்தமா இருக்குமோ? அக்கா தங்கச்சி மாதிரி?" என்று கேட்டாள். அப்படி இருக்காது என்று தெரிந்தேதான் கேட்டாள்.

"இல்ல மேடம். அக்கா தங்கச்சி இல்ல. ஒரே ஆளு."

மறுநாள் காலையில் இருவரும் ஜீப்பில் கிளம்பிக் கூத்தலூரணிக்குப் போனார்கள். மாதிரி எடுத்த ஊர்களில் அதுதான் பக்கம். ஊருக்கு மேற்கே கருத்தப்பாண்டி என்பவரின் புஞ்சை. கம்பு தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது, கதிர் இன்னும் வெளியே வரவில்லை. வரப்பில் ஏறி நின்ற பொற்கொடி கம்பின் நுனிகளைப் பார்த்தாள். ஒரு செடி மற்றதைவிட விரல்கடை உயரமில்லை, விரல்கடை தாழ்வுமில்லை. கத்தரியால் வெட்டி நிறுத்தியது போல ஒரு மட்டமாக, அடுத்த புஞ்சை, அதற்கடுத்த புஞ்சை என்று காற்றாலைகள் நிற்கும் தூரம்வரை போனது.

"எப்படி நிக்குது பாத்தீங்களா மேடம்!" என்றார் கருத்தப்பாண்டி. நாற்பது வயது இருக்கும். பெருமையில் முகம் விரிந்திருந்தது. "மூணு வருசமா இப்படித்தான் வருது. முன்னெல்லாம் ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை, ஒண்ணு பால் பிடிக்கையில இன்னொண்ணு முத்திப் போயிருக்கும். இப்ப ஒரே நாள்ல அறுப்பு. எல்லாம் எங்க மண்ணோட புண்ணியம்."

"என்ன விதை அண்ணாச்சி போட்டீங்க?"

"எங்க வீட்டு விதைதான். எங்கய்யா காலத்துல இருந்து போடுறது. கடை விதையைக் கையால தொட்டதில்ல."

பொற்கொடி சாலையோரம் போய்ப் பார்த்தாள். யாரும் விதைக்காமல் தானாக முளைத்துக் கிடந்த காட்டுக்கம்பும் அதே உயரத்தில் நின்றது.

மைய இயக்குநர் அறம்வளர்த்தநாதன் ஆய்வு முடிவுத் தாள்களை நெடுநேரம் பார்த்தார். ஓய்வுபெற எட்டு மாதம் பாக்கி இருந்த மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார்.

"இது சீர்மணி" என்றார்.

சீர்மணி என்பது பத்து வருடத்துக்கு முன்னால் வந்த புது ரகம். அதை உருவாக்கிய குழுவில் அவரும் ஒருவர் என்பது பொற்கொடிக்குத் தெரியும்.

"இவங்க யாரும் சீர்மணி போடலையே சார். சொந்த விதைன்னு சத்தியம் பண்றாங்க."

"போட வேண்டியதில்லம்மா. பக்கத்துல யாராவது போட்டிருந்தா போதும்." அவர் குரல் தாழ்ந்தது. "மகரந்தம்னா பாதியத்தான் கொண்டு வரும். தாய் பாதி, தகப்பன் பாதி. சீர்மணியோட மகரந்தம் முழுசையும் கொண்டு வரும். சூலுக்குள்ள இறங்கினதும் தாயோட பாதியை வெளியே தள்ளிட்டு, அந்த இடத்துல தானே உக்காந்துக்கும். விதை தாயோட கதிர்லதான் இருக்கும். ஆனா தாயோட சாயல் ஒரு துளி இருக்காது."

"காக்கா கூட்டுல குயில் முட்டை போடுற மாதிரியா?"

"குயில் ஒண்ணு ரெண்டு முட்டைதான் போடும். காக்கா இனம் அழியறதில்ல."

"இதை எதுக்கு சார் செஞ்சீங்க?"

"விவசாயி வருஷா வருஷம் விதைக்குக் கையேந்தக் கூடாதுன்னுதான். அவன் எடுத்து வைக்கிற விதை எத்தனை தலைமுறை போனாலும் குணம் மாறக் கூடாது. அதுதான் எங்க எண்ணம். நல்ல எண்ணம்தாம்மா." அவர் தாளைக் கவிழ்த்து வைத்தார். "பக்கத்துக் காட்டுக்குப் போகும்னு தெரியும். நூத்துல ஒண்ணு போகும்னு நெனச்சோம். கம்பு காத்துல மகரந்தம் பறக்கிற பயிர். அதோட மகரந்தம் மத்ததை முந்திட்டு ஓடும்னு யாருக்குத் தெரியும்?"

மிக்கேல் வாசல் பக்கமே நின்றிருந்தார். "நம்ம பெட்டகத்துல மூவாயிரம் ரகம் இருக்கே சார். அதை எடுத்துப் பழையபடி கொடுத்துட்டா?" என்றார்.

பொற்கொடி எழுந்து ஜன்னலருகே போனாள். முகத்தைக் காட்ட அவளுக்குத் தைரியமில்லை.

குளிர் அறையில் வைத்த விதையும் என்றைக்கும் உயிரோடு இருக்காது. முளைப்பு குறையும்போது விதைத்து, புது விதை எடுத்து உறையில் நிரப்ப வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் அந்த வேலை நடந்தது. பூக்கும் நேரத்தில் ஒவ்வொரு கதிருக்கும் காகிதப் பை கட்டி வெளி மகரந்தம் படாமல் காக்க வேண்டும் என்பது விதி. மூவாயிரம் ரகம், ரகத்துக்கு நூறு கதிர். அந்த வருடம் ஆள் கிடைக்கவில்லை. இடைவெளி விட்டு நட்டால் போதும், பை வேண்டாம் என்று ஒரு குறிப்பு எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டவள் பொற்கொடிதான். புது விதை வந்ததும் பழைய விதையை அழித்துவிட்டார்கள். அதுவும் விதிதான்.

நூறு உறைகளைப் பிரித்து, தட்டுகளில் மணல் பரப்பி விதைத்தார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெயர் எழுதிய குச்சி. அரியலூர்க் குட்டை, செம்மணி, கோணக்கதிர், பூனைமீசை. நான்காம் நாள் காலை பத்து மணிக்குக் கண்ணாடிக் கூடத்தைத் திறந்தபோது நூறு வரிசையும் ஒரே உயரத்தில் முளைத்திருந்தது. எல்லா முளையிலும் இரண்டாவது இலை பாதி விரிந்திருந்தது, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இலைகள் சேர்ந்தாற்போல இன்னும் கொஞ்சம் பிரிந்தன.

மிக்கேல் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"வெளிநாட்டுப் பெட்டகத்துல நம்ம விதை இருக்குமே மேடம்?"

"அவங்களோடது முளைக்கலைன்னு போன வருஷம் நாமதானே அண்ணே புதுசு அனுப்பினோம்."

"ஆப்பிரிக்காவுல?"

"சீர்மணி அங்க போய் ஆறு வருஷம் ஆச்சு."

அறிக்கை சென்னைக்குப் போனது. நல்ல விளைச்சல் வரும் பயிர் எல்லா ஊரிலும் ஒன்றாக இருப்பதில் என்ன ஆபத்து, விளக்கவும் என்று கேட்டுப் பதில் வந்தது. பொற்கொடி விளக்கம் எழுதத் தொடங்கினாள். எழுதி முடிப்பதற்குள் கிழக்கேயிருந்து ஒரு வேளாண் உதவியாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மேடம், இங்க கம்புல தேன் வடியுது."

தேன் ஒழுகல் நோய் கம்புக்குப் புதிதல்ல. மணி பிடிக்க வேண்டிய இடத்தில் பூஞ்சை பிடித்து இளஞ்சிவப்பாகத் தேன் போல ஒழுகும். பிறகு அந்த இடத்தில் எலிப்புழுக்கை போலக் கறுப்பாக ஒன்று திரளும். அதைத் தின்றால் வாந்தி, மயக்கம். எந்த வருடமும் எங்காவது நாலு கதிரில் இருக்கும். ஆனால் சீர்மணிக்கு அது வரவே வராது என்றுதான் எல்லா விளம்பரத்திலும் எழுதியிருந்தார்கள்.

பொற்கொடி போனபோது வெயில் ஏறியிருந்தது. தூரத்திலேயே இனிப்பு வாடை அடித்தது. புஞ்சைக்குள் இறங்கினால் ஈயும் எறும்பும் தேனீயும் மொய்த்துக் கிடந்தன. கதிர்களிலிருந்து தேன் சொட்டி இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் நோய் வந்த கதிர்களை எண்ணவில்லை. நோய் வராத கதிரைத் தேடினாள். முன்பெல்லாம் எவ்வளவு மோசமான காட்டிலும் மூன்றில் ஒரு செடி தப்பி நிற்கும். அந்தச் செடிக்குள் ஏதோ ஒன்று நோயை உள்ளே விடாது. வரிசை வரிசையாக நடந்தாள். ஒரு மணி நேரம் கழித்து நடப்பதை நிறுத்தி ஓடத் தொடங்கினாள். மறுகோடி வரப்பில் ஏறி நின்று மூச்சு வாங்கினாள். தப்பிய செடி ஒன்றுகூட இல்லை. அங்கே வெறும் எறும்பின் நடமாட்டம்தான். அவளுக்கு அழக்கூட வரவில்லை.

நோய் நாளுக்கு இரண்டு ஊர் என்று மேற்கே வந்தது. ஐந்தாம் நாள் விடியலில் நோய் வந்த காடு ஒன்றைப் பார்த்துவிட்டு அவளும் மிக்கேலும் மறுபடி கூத்தலூரணிக்குப் போனார்கள். போகும்போதே மாற்றுப் புடவை ஒன்றை ஜீப்பில் எடுத்து வைத்திருந்தாள். தேன் பட்ட துணியோடு அடுத்த ஊருக்குள் போகக் கூடாது என்ற எச்சரிக்கை அவளுக்கு இருந்தது. பாதி வழியில் இறங்கி ஒரு பள்ளிக்கூடத்தில் கைகால் கழுவி உடுத்திக்கொண்டாள்.

கருத்தப்பாண்டியின் கம்பு இப்போது நன்றாகப் பூத்திருந்தது. அவள் உள்ளே இறங்கி ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கதிர்களை விலக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். தேன் இல்லை. இன்னும் வரவில்லை.

"எங்க காட்டுக்கு அதெல்லாம் வராது மேடம்" என்றார் கருத்தப்பாண்டி. பிறகு சிரித்தார். "வந்தா எங்க மயினி காட்டுக்குத்தான் வரணும். வந்ததுக்கு அதையும் பாத்துட்டுப் போங்க. ஊரே வந்து சிரிச்சிட்டுப் போவுது."

அவருடைய கம்புக்கு நேர் கிழக்கே, ஒரு வரப்புத் தள்ளி, கால் குறுக்கம், கால் ஏக்கரே உள்ள துண்டு நிலம். பாதி மண் வெறுமனே கிடந்தது. அங்கொன்று இங்கொன்றாக நின்ற கம்பைப் பார்த்ததும் பொற்கொடி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒன்று இடுப்பளவு, ஒன்று ஆள் உயரம். ஒன்றின் தண்டு கருஞ்சிவப்பு. ஒன்றின் இலை சுருண்டிருந்தது. வரப்போரச் செடி ஒன்றில் பாதி வெளிவந்த கதிரைச் சுற்றிப் பூனைமீசை போல முள்முடி நீட்டிக்கொண்டிருந்தது.

நிலத்துக்காரி முத்துப்பேச்சி, கருத்தப்பாண்டியின் அண்ணி, களைக்கொத்தோடு எழுந்து வந்தாள். நாற்பத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு. பேசும்போது நேராகக் கண்ணைப் பார்ப்பாள்.

"நீங்களும் சிரிக்க வந்தீகளா?"

"இல்ல அக்கா. இந்த விதை ஏது?"

"எம் மாமியாரு கைவிதை. அவுக போனப்பெறவு நானும் வீட்டுக்காரரும் திருப்பூருக்குப் போயிட்டோம், பனியன் கம்பெனிக்கு. போறப்ப தகர டிரம்முல சாம்பலைக் கலந்து போட்டு மூடி, சாணி வச்சு மெழுகிட்டுப் போனேன். ஒம்பது வருசம். இப்ப கம்பெனிய மூடிட்டான், திரும்பி வந்துட்டோம். வேற விதை வாங்கத் தோது இல்ல. அதையே தூவினேன். ரெண்டு படி விதையில அறுவது செடிதான் முளைச்சிருக்கு." அவள் கொழுந்தனைப் பார்த்தாள். "விதைச்சதும் பிந்திப் போச்சு. இந்தா நிக்குறாகளே, இவுகளுக்கு அது ஒரு சிரிப்பு."

ஒன்பது வருடம். சீர்மணி இந்தப் பக்கம் பரவுவதற்கு முந்தைய விதை. பொற்கொடி செடி செடியாக ஓடிப் பார்த்தாள். ஐம்பத்தெட்டுச் செடி. பதினைந்தில் கதிர் வெளியே வந்து சூல்முடி விரிந்துவிட்டது, அவை போனது போனதுதான். நாற்பத்துமூன்றில் கதிர் இன்னும் இலையுறைக்குள் இருந்தது, அல்லது நுனி மட்டும் எட்டிப் பார்த்தது. இன்று மாலைக்குள், அல்லது நாளைக்குள் விரியும். வரப்புக்கு மேற்கே மூன்று குறுக்கம் சீர்மணி பூத்து நிற்கிறது. காற்று மேற்கேயிருந்து வருகிறது.

"மிக்கேல் அண்ணே! மையத்துல அந்தக் காகிதப் பைக்கட்டு இருக்கும். மூணு வருஷத்துக்கு முன்னால வாங்கிப் பிரிக்காமப் போட்டோமே, அது. ஓடுங்க."

ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. பொற்கொடி கருத்தப்பாண்டியிடம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, உங்க கம்பை அறுக்கணும். இப்பவே. இந்தப் பக்கத்துப் பாதியையாவது."

"என்னது?"

"அதோட பூந்தாது இதுமேல விழக் கூடாது."

"பூத்து நிக்கிற வெள்ளாமைய அறுக்கச் சொல்றீங்க. இந்தக் கந்தலுக்காக." அவர் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "எம் புள்ளைக அடுத்த வருசம் வரைக்கும் எதைத் திங்கும் மேடம்?"

"ஒரு ஊர்ல எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு அண்ணாச்சி. திருடன்கிட்ட சாவி கிடைச்சிருச்சு. கிழக்கே பத்து ஊர்ல கதவைத் திறந்துட்டான். உங்களோடது, அடுத்தவங்களோடது, மையத்துல நாங்க பத்திரமா வச்சிருக்கோம்னு சொல்றது, எல்லாம் அதே பூட்டுதான். வேற பூட்டு போட்ட வீடு நான் பார்த்த வரைக்கும் இந்த ஐம்பத்தெட்டுச் செடிதான். இதுவும் போச்சுன்னா அப்புறம் கம்புன்னு ஒரு பயிரே இருக்காது."

"அப்படி ஒண்ணு எப்படிப் போகும்?"

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு."

முத்துப்பேச்சி களைக்கொத்தைக் கீழே போட்டாள். கருத்தப்பாண்டி பக்கம் வந்தாள். "தம்பி, அறுக்க வேணாம். உங்க புள்ளைக சோறு அது. என் காடு எப்படிப் போனாப் போவுது."

கருத்தப்பாண்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேற்கே தன் கம்பைப் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் நடந்தார். போய்விட்டார் என்றே பொற்கொடி நினைத்தாள். கால்மணி நேரத்தில் அரிவாளோடும் நாலு ஆட்களோடும் திரும்பி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி கத்திக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு கை மண்ணை அள்ளிப் பொற்கொடியைப் பார்த்துத் தூற்றினாள். யாரும் தடுக்கவில்லை. கருத்தப்பாண்டி கம்பின் கிழக்குப் பாதி முழுதும் மத்தியானத்துக்குள் தரையில் கிடந்தது.

அதே நேரத்தில் இரண்டு பெண்களும் பை கட்டினார்கள். மிக்கேல் கொண்டு வந்த கட்டைப் பிரித்து, துண்டு நிலத்தின் கிழக்குப் பாதியை முத்துப்பேச்சி எடுத்துக்கொண்டாள், மேற்குப் பாதியைப் பொற்கொடி. கதிர்மேல் பையைக் கவிழ்த்து, அடியை மடித்து, நூலால் கட்டி, எண் எழுத வேண்டும். பேச்சி இருபத்திரண்டு, பொற்கொடி இருபத்தொன்று. நாலு நாள் கழித்து அந்தந்தப் பைக்குள் உதிர்ந்த மகரந்தத்தை எடுத்து ஒன்றுக்கொன்று மாற்றித் தட்டினார்கள். அதையும் அவரவர் பாதியில் அவரவர் செய்தார்கள்.

பிறகு காத்திருந்த நாட்கள்தான் கொடுமை. பை கட்டிய பத்தொன்பதாம் நாள் தேன் கூத்தலூரணிக்கு வந்தது. கருத்தப்பாண்டியின் மிச்சப் பாதி மூன்றே நாளில் சொட்டத் தொடங்கியது. பைக்குள் இருந்த கதிர்களுக்கு மட்டும் அது எட்டவில்லை. ரேடியோவில் கறுப்பு மணி கலந்த கம்பை உண்ண வேண்டாம் என்று மணிக்கொரு தரம் சொன்னார்கள். வேறு எதை உண்பது என்று சொல்லவில்லை. ரேஷன் கடை வாசல்களில் ஆட்கள் விடியுமுன்பே கல் வைத்து இடம் பிடித்தார்கள். கறுப்பு மணி தின்றவர்களை அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். இரண்டு நாள் மூன்று நாள் என்று தூங்கிக்கொண்டே இருந்தார்கள். எழுப்பினால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கினார்கள். சிலர் எழவேயில்லை. ராஜஸ்தானிலும் தேன் வடிவதாகச் செய்தி வந்த அன்று அறம்வளர்த்தநாதன் அலுவலகத்துக்கு வரவில்லை. பிறகு வரவேயில்லை.

நாற்பத்துமூன்று கதிரும் முற்றியதும் மிக்கேல் கதிருக்குப் பத்து மணி எடுத்து முளைக்க வைத்துச் சோதித்தார். ஆய்வுக்கூடத்தில் மிச்சமிருந்த ரசாயனம் அதோடு தீர்ந்தது. புதிதாக வர வேண்டியது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

முடிவை அவர் மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கிழக்குப் பாதி சுத்தம் மேடம். இருபத்திரண்டு கதிரும் தனித்தனி ஆளுக. ஒண்ணு போல ஒண்ணு இல்ல."

"மேற்கு?"

"ஒவ்வொரு கதிர்லயும் நாலு மணி, அஞ்சு மணி சீர்மணி. இருபத்தொண்ணும் போச்சு."

"வரப்புப் பக்கம் அதுதானே. காத்துல வந்திருக்கும்."

மிக்கேல் தலையை ஆட்டினார். "காத்துல வந்திருந்தா வரப்போரம் கூடுதலா இருக்கணும், தள்ளிப் போகப் போகக் குறையணும். அப்படி இல்ல மேடம். நடுவுல ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கட்டின வரிசை ஒண்ணு இருக்கு. அதுல அவங்க கட்டினது சுத்தம். அடுத்த செடி, நீங்க கட்டினது..." அவர் நிறுத்திக்கொண்டார். "அன்னைக்குக் காலையில நீங்க கருத்தப்பாண்டி காட்டுக்குள்ள இறங்கி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தீங்கல்ல."

தேன் பட்டிருக்கும் என்று புடவையை மாற்றியவள், அடுத்த காட்டில் பூந்தாது தோளிலும் தலைமுடியிலும் கொட்டியதை உதறக்கூட இல்லை. நாலு பாடப் புத்தகத்திலும் எச்சரித்திருக்கும் பிழையை, மாணவர்களைக் கடிந்துகொண்ட பிழையை, அவளே செய்திருந்தாள். அறுத்துப் போட்ட காட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. வந்தது அவளிடமிருந்து.

அன்று மத்தியானமே அவள் கருத்தப்பாண்டி வீட்டுக்குப் போனாள். அவர் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப நான் அறுத்தது?"

"அதனால ஒரு பயனும் இல்ல அண்ணாச்சி. மிச்சப் பாதி பூத்து நின்னும் காத்துல ஒண்ணும் பைக்குள்ள போகல."

எப்படியும் தேன் வந்து போயிருக்கும் என்ற சொல் அவள் வாய்வரை வந்தது. அது உண்மையும்தான். விழுங்கிக்கொண்டாள். வீட்டுக்குள் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. அவர் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கருத்தப்பாண்டி குழைக்கட்டின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். "மிச்சம் எத்தனை கருது?"

"இருபத்திரண்டு. எல்லாம் உங்க மயினி கட்டினது."

"இனி அந்தக் காட்டுக்குள்ள நீங்க கால் வைக்கப்படாது."

"வைக்க மாட்டேன்."

"யாரும் வைக்கப்படாது. நான் பாத்துக்கிடுறேன்."

அடுத்த பருவத்தில் இருபத்திரண்டு கதிரின் விதையும் முத்துப்பேச்சியின் நிலத்தில் விழுந்தது. சுற்றுப்பட்டுக் காடுகளில் கம்பு இல்லை. நோய் பரவாமலிருக்க எரித்துவிட்டதால் எல்லாம் கறுத்துக் கிடந்தது. பாதையில் ஓலைக் குடிசை போட்டுக் கருத்தப்பாண்டி உட்கார்ந்திருந்தார். கலெக்டரின் வண்டியையே திருப்பி அனுப்பியதாகச் சொன்னார்கள். பொற்கொடி மற்ற ஊர்களில் ஏதாவது தப்பியிருக்கிறதா என்று தேடி அலைந்துகொண்டிருந்தாள். அவள் உடம்பில் எந்த ஊர்த் தூசி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. அதனால் வாரம் ஒருமுறை அரை மைல் தள்ளி ஜீப்பை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, செல்போனில் பேச்சியைக் கூப்பிடுவாள். பேச்சி வரிசையில் நடந்தபடி ஒவ்வொரு செடியாகச் சொல்லுவாள். இவள் நோட்டில் எழுதுவாள்.

அன்று பயிர் இடுப்பளவு வளர்ந்திருந்தது. இன்னும் பத்து நாளில் பூ வரும்.

"இது குட்டை மேடம். இது செவப்புத் தண்டு. இது கோணலா நிக்குது, எங்க வீட்டுக்காரரு மாதிரி." அவள் சிரித்தாள். "இதுல மூணு தூரு விட்டிருக்கு. இது நெட்டை."

"அக்கா, நான் போன வாரம் கேட்டேனே. எங்கயாவது ஒண்ணு போல ஒண்ணு இருக்கான்னு பாத்தீங்களா?"

"பாக்குறேன். இருங்க."

போனில் இலை உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பத்து மணிதான் சோதித்தோம் கதிருக்கு, மீதி எதுவும் சோதிக்கவில்லை என்று பொற்கொடி நினைத்தாள். ஜீப்புக்குள் வெக்கை தாங்கவில்லை. கண்ணாடியை இறக்க அவள் கை போகவில்லை. உரசும் சத்தம் நின்றது.

"அக்கா?"

"மேடம்." பேச்சியின் குரல் சிறுத்துப் போயிருந்தது. "ரெண்டு இருக்கு. வடக்கு வரிசையில ஒண்ணு, கிணத்துப் பக்கம் ஒண்ணு. ஒரே உசரம். எலையை எண்ணிப் பாத்தேன். ஒரே எண்ணிக்கை. மடங்குறதும் ஒரே மாதிரி மடங்குது."

"பிடுங்கிடுங்க."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

"மேடம், இது அக்கா தங்கச்சியாவும் இருக்கலாமில்ல? எங்க வீட்டுல நானும் என் தங்கச்சியும் அப்படித்தான் இருப்போம். பாத்தவுக மாத்திக் கூப்பிடுவாக."

சோதித்துப் பார்க்க ஒரு சொட்டு ரசாயனம் இல்லை. பொற்கொடி கண்ணாடி வழியே பார்த்தாள். அரை மைல் தூரத்தில் பேச்சி ஒரு செடியருகே குனிந்து நிற்பது சின்னதாகத் தெரிந்தது.

"இருக்கலாம் அக்கா" என்றாள். "பிடுங்கிடுங்க."

பேச்சி போனைத் தரையில் வைத்துவிட்டாள் போலிருந்தது. வேர் மண்ணைவிட்டு வரும் சத்தம் ஒன்று கேட்டது. காலடிச் சத்தம் கிணற்றுப் பக்கமாக நகர்ந்து போயிற்று. அந்தப் பக்கமிருந்து இரண்டாவது சத்தம் வருவதற்காகப் பொற்கொடி காதில் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.